தன்னைப் போல் இல்லாத குற்றம்

1983ஆம் ஆண்டின் இறுதியில் கெஃபன் ரெக்கார்ட்ஸ் என்ற அமெரிக்க இசைத்தட்டுக் கம்பெனி, தன்னோடு ஒப்பந்தம் செய்துகொண்டிருந்த நீல் யங் என்ற ராக் பாடகர் மேல் வழக்குத் தொடுத்தது. கேட்ட நஷ்ட ஈடு 33 லட்சம் டாலர். யங் ஒப்பந்தத்தை மீறி வேறு கம்பெனிக்குப் பாடிவிடவில்லை. இசைத்தட்டுத் தராமல் இழுத்தடிக்கவும் இல்லை. அவர் தந்தவை விற்கும் சரக்காக இல்லை, அவருடைய முந்தைய இசையின் இயல்பிலிருந்தும் விலகி நிற்கின்றன என்பதே குற்றச்சாட்டு. ஒரு கலைஞன் தன்னைப் போல் இல்லை என்பதற்காக அவனைக் கோர்ட்டுக்கு இழுக்க முடியும் என்று ஒரு கம்பெனி நம்பியிருக்கிறது.

ராக் இசையில் வியாபாரத்துக்கும் கலை நேர்மைக்கும் உள்ள பிணக்கைப் பற்றிப் பேசும்போது அநேகமாக ஒரு நீதிக்கதைதான் நமக்குக் கிடைக்கிறது. கலைஞனுக்குள்ளே அசலான ஒரு ‘தான்’ இருக்கிறது. சந்தை வந்து அதைக் கெடுக்கப் பார்க்கிறது. அவன் எதிர்த்து நிற்கிறான், அல்லது விலைபோகிறான். ‘விலைபோய்விட்டான்’ என்று சொல்லிவிட்டால் விமர்சனம் முடிந்தது. கெஃபன் வழக்கு இந்தக் கதையைத் தலைகீழாக்குகிறது. சந்தை யங்கை வேறு யாராகவோ மாறச் சொல்லவில்லை. நீல் யங்காகவே இருக்கச் சொன்னது.

சந்தைக்குத் தெரிந்த நீல் யங் யார்? 1972இல் வந்த ‘ஹார்வெஸ்ட்’ அந்த வருஷம் அமெரிக்காவில் மிக அதிகமாக விற்ற இசைத்தட்டு. கிதார், ஹார்மோனிகா, மேலே எழும்பி மெலிந்து நடுங்கும் குரல், கிராமத்துச் சோகம். இதை இன்னும் பத்து முறை செய்திருக்கலாம். பத்து முறையும் விற்றிருக்கும். அடுத்த வருஷமே அவர், போதைக்குப் பலியான இரண்டு நண்பர்களின் நினைவில் ‘டுநைட்ஸ் த நைட்’டைப் பதிவு செய்தார். குரல் பிசிறுகிறது, சுருதி விலகுகிறது, அவற்றைத் திருத்தாமலே விட்டிருக்கிறார். அது வெளிவர 1975 ஆயிற்று.

கெஃபனுக்கு வந்தபின் முதலில் வெளிவந்தது ‘டிரான்ஸ்’. அதில் பல பாட்டுகளில் அவர் குரல் வோகோடர் என்ற கருவியின் வழியே இயந்திரக் குரலாக வருகிறது. அடுத்து ஒரு கிராமிய இசைத்தட்டைக் கொடுத்தபோது கம்பெனி அதை ஒதுக்கிவிட்டு ராக் அண்ட் ரோல் கேட்டது. கேட்டதை அவர் எழுத்துக்கு எழுத்து கொடுத்தார். ‘எவ்ரிபடிஸ் ராக்கின்’, 1950களின் பாணியில் 25 நிமிஷத்தைக்கூட எட்டாத ஒரு தட்டு. வழக்கு அதன் பின் வந்தது.

இரண்டாவது தட்டு மெலிந்தது. குறும்பு என்பதற்கு மேல் அதில் அதிகம் இல்லை. நேர்மை தரத்துக்கு உத்தரவாதம் ஆகாது, இதைச் சொல்லியே ஆகவேண்டும். ஆனால் ‘டிரான்ஸ்’ வேறு விஷயம். பேச இயலாத தன் மகனோடு தொடர்புகொள்ள முயன்ற தவிப்பிலிருந்து அது பிறந்தது என்று யங் பின்னால் சொன்னார். இது தெரியாவிட்டாலும், வார்த்தைகள் பிடிபடாமல் நழுவுவதும், இயந்திரத்தின் அடியில் ஒரு மனிதக் குரல் முட்டிக்கொண்டிருப்பதும் காதில் விழுகின்றன. புரியாமல் போவதுதான் அங்கே அனுபவம். ‘ஹார்வெஸ்ட்’ குரலில் இதைப் பாடியிருந்தால் அது பொய்யாகியிருக்கும். அதாவது, கம்பெனி எதை அவருடைய இயல்பு என்று கேட்டதோ, அதுவே அந்த இடத்தில் போலி.

ஜனரஞ்சக இசையைப் பற்றி 1941இல் எழுதிய கட்டுரையில் அடோர்னோ இரண்டு விஷயங்களைச் சேர்த்துப் பார்த்தார். சரக்கு ஒரே அச்சில் வார்க்கப்படுகிறது. அந்த ஒற்றைத்தன்மை தெரியாமலிருக்க அதன்மேல் போலியான ஒரு தனித்துவம் பூசப்படுகிறது. ராக் பிறக்குமுன் எழுதியது. அதில் அவருடைய காதின் முன்முடிவுகளும் உண்டு. ஆனாலும் ராக்குக்கு இது ஒரு படி மேலேயே பொருந்துகிறது. இங்கே தனித்துவம் அசலாகவே பிறக்கிறது. பிறந்தபின் அதையே அச்சாக்கிவிடுகிறார்கள். கலைஞன் தன் முத்திரையைத் தானே குத்திக்கொண்டிருக்கவேண்டும்.

இதில் ரசிகன் நிரபராதி இல்லை. 1965இல் நியூபோர்ட் நாட்டுப்பாடல் விழாவில் பாப் டிலன் மின்கிதாரோடு வந்தபோதும், 1966 மே மாதம் மான்செஸ்டர் கூட்டத்திலிருந்து ஒருவன் அவரை ‘யூதாஸ்’ என்று கத்தியபோதும் குற்றச்சாட்டு விலைபோனது பற்றித்தான். மின்கிதார் என்றால் வியாபாரம் என்பது அவர்கள் கணக்கு. ஆனால் அந்தக் கூச்சலின் உள்ளடக்கம் என்ன? நீ உன்னைப் போல் இல்லை என்பதுதான். தூய்மைவாதியும் கெஃபனின் வக்கீலும் எழுதியது ஒரே மனு. ஒருவனுக்கு அது கொள்கை, மற்றவனுக்கு வரவுசெலவு.

வழக்கில் யங் 2 கோடி 10 லட்சம் டாலர் கேட்டு எதிர்வழக்குப் போட்டார். கடைசியில் சமாதானமாயிற்று, கெஃபன் மன்னிப்புக் கேட்டார். கம்பெனி பாடம் கற்றுக்கொண்டது, ஆனால் வேறு பாடம். அதன் கிளையான டிஜிசிதான் 1991இல் நிர்வாணா குழுவின் ‘நெவர்மைண்ட்’டை வெளியிட்டது. வியாபாரத்துக்கு எதிரான கோபமே பெரும் சரக்காக விற்கும் என்று அப்போது தெரிந்தது. கம்பெனிப் பத்திரிகைகளைத் திட்டும் வாசகம் எழுதிய பனியனோடு கர்ட் கொபேய்ன் 1992இல் ‘ரோலிங் ஸ்டோன்’ அட்டையில் நின்றார். பத்திரிகை அட்டையை அப்படியே அச்சிட்டு விற்றது.

இந்தக் குழுவின் முதல் இசைத்தட்டுக்குப் பதிவுச் செலவு 606 டாலர் 17 சென்ட். மூன்றாவதான ‘இன் யூடெரோ’வை 1993இல் பதிவு செய்த ஸ்டீவ் ஆல்பினி ஒரு லட்சம் டாலர் கூலி வாங்கிக்கொண்டு, விற்பனையில் பங்கு வேண்டாம் என்று மறுத்தார். குழாய் ரிப்பேர்காரனைப் போல வேலைக்குக் கூலி போதும், பாட்டு இன்னொருவனுடையது என்பது அவர் நிலை. அதே வருஷம் எழுதிய கட்டுரையில் ஒரு கற்பனைக் குழுவின் கணக்கைப் போட்டுக் காட்டினார். முன்பணம் 2,50,000 டாலர். இரண்டரை லட்சம் பிரதிகள் விற்கின்றன. கம்பெனிக்கு 7,10,000 டாலர். குழுவில் ஆளுக்கு 4,031 டாலர் 25 சென்ட். அதற்கு மேல் ராயல்டியில் குழு கம்பெனிக்கு 14,000 டாலர் பாக்கி. பிழைப்புக்குக் கடன் கணக்குப் பார்ப்பவன் என்ற முறையில் சொல்கிறேன், இதில் மோசடி எதுவும் இல்லை, எல்லாம் ஒப்பந்தப்படி. முன்பணம் என்பது கடன். பாக்கி தீரும்வரை அடுத்த பாட்டு ஏற்கெனவே அடமானத்தில் இருக்கிறது.

ஆனால் ‘இன் யூடெரோ’வின் கதை ஆல்பினியின் கூலியோடு நிற்கவில்லை. இரண்டு பாட்டுகளை வேறொருவரைக் கொண்டு மறுபடி கலவை செய்தார்கள்; கம்பெனி கட்டாயப்படுத்தியதாக வந்த செய்தியைக் குழு மறுத்தது. பெரிய கடைகள் அடுக்க மறுத்ததால் 1994இல் உறையையும் ஒரு பாட்டின் தலைப்பையும் மாற்றிக் கொடுத்தார்கள். சிறு ஊர்ப் பையன்களுக்கு அந்தக் கடைகளை விட்டால் வேறு வழியில்லை என்பது சொல்லப்பட்ட காரணம். இதைச் சமரசம் என்று சொல்வேன்; வீழ்ச்சி என்று சொல்லமாட்டேன். உறை மாறியது, தட்டுக்குள் அந்தப் பாட்டு மாறவில்லை. மறுகலவை அப்படியல்ல, ஓசைக்குள்ளேயே கை வைப்பது அது. விமர்சகன் காதை வைக்கவேண்டியது அங்கே.

எதிர்முனையில் வாஷிங்டனின் ஃபுகாஸி இருந்தது. தங்கள் ஊர் இசைக்கலைஞர்களே நடத்திய டிஸ்கார்டில்தான் அவர்கள் வெளியிட்டார்கள். நுழைவுக் கட்டணத்தை அநேகமாக ஐந்து டாலரில் நிறுத்தினார்கள். எந்த வயதினரும் வரலாம். மதிக்கவேண்டிய ஏற்பாடு. ஆனால் அவர்களை நான் கேட்பது கட்டணத்துக்காக அல்ல. இரண்டு கிதார்களுக்கு நடுவே அவர்கள் விடும் மௌனத்துக்காக. நல்ல ஏற்பாடு மோசமான பாட்டைக் காப்பாற்றாது.

ஆகவே, பணம் வாங்கினானா என்பது கேள்வியல்ல. 2021இல் யங் தன் பாடல்களின் உரிமையில் பாதியை ஒரு முதலீட்டு நிறுவனத்துக்கு விற்றார். ‘டுநைட்ஸ் த நைட்’டில் ஒரு சுரமும் அதனால் இடம் மாறவில்லை. படைப்பு முடிந்தபின் வந்த பணம் அது. படைப்புக்கு முன்னாலேயே வந்து உட்கார்ந்துகொண்டு, போன தடவை மாதிரி என்று சொல்லும் குரல்தான் ஆபத்தானது. அந்தக் குரல் பேசப் பணம் தேவையே இல்லை.

முந்நூறு பிரதி அச்சடிக்கும் நமக்கு அதனால்தான் இதில் அக்கறை. விலைபோக வழியே இல்லாததை நாம் நேர்மை என்று நினைத்துக்கொள்கிறோம். ஒரு கவிஞன் தன் குரலைக் கண்டுகொண்டான் என்று ஒருமுறை எழுதிவிடுகிறோம். பிறகு அந்தக் குரலையே பதினைந்து வருஷம் கேட்கிறோம், அவனும் கொடுக்கிறான். என்றாவது அவன் வேறு ஒன்றை எழுதிக்கொண்டுவந்தால், இது அவன் மாதிரி இல்லையே என்று முதலில் சொல்லப்போவது நாம்தான்.