கையெழுத்தும் கைநாட்டும்

‘கையெழுத்து நல்லா இருந்தா தலையெழுத்து நல்லா இருக்காது’ என்று தமிழில் ஒரு பேச்சு உண்டு. ஏழாம் வகுப்பில் எங்க தமிழ் வாத்தியார் என் நோட்டை வகுப்புக்கே தூக்கிக் காட்டி இதைச் சொன்னார். பாராட்டுவதாக நினைத்துத்தான் சொன்னார். அதற்கு இரண்டு நாள் முன்னால் அதே நோட்டைப் பார்த்து அவர் கேட்டது வேறு. “ஏ புள்ள, யாரு எழுதிக் குடுத்தது இது?” நான்தான் சார் எழுதினேன் என்றேன். நம்பவில்லை. கரும்பலகைக்குக் கூப்பிட்டு ஒரு குறளை எழுதச் சொன்னார். கை நடுங்க நடுங்க எழுதினேன். பார்த்துவிட்டு, “ம், போய் உக்காரு” என்றார்.

சேரிப் பிள்ளையின் எழுத்து மோசமாக இருந்தால் ‘கோழி கிண்டுனாப்ல இருக்கு, ஒங்களுக்கெல்லாம் எதுக்குப் படிப்பு’ என்பார்கள். நன்றாக இருந்தால் ‘யாரு எழுதிக் குடுத்தது’ என்பார்கள். இரண்டுக்கும் அடியில் கிடப்பது ஒரே தீர்ப்புதான்: இது எழுதுகிற கை அல்ல.

இதை இப்போது எழுதக் காரணம் உண்டு. கையெழுத்து அழிந்துவிட்டது, செல்போன் வந்து எல்லாரும் பேனாவை மறந்துவிட்டார்கள் என்று புலம்பும் கட்டுரைகள் தொடர்ந்து வந்தபடி இருக்கின்றன. தாத்தாவின் மைக்கூடு, அப்பாவின் டைரி, இரட்டைக்கோடு நோட்டு என்று நினைவுகள் அதில் வரிசை கட்டும். ‘நாம் இழந்த கலை’ என்று முடியும். அந்த ‘நாம்’ யார் என்பதுதான் என் கேள்வி. என் தாத்தாவிடம் மைக்கூடு இல்லை. அவர் கையில் மை பட்டதெல்லாம் ரேகை உருட்டத்தான்.

திண்ணைப் பள்ளியில் பிள்ளைகள் முதலில் மணலில் விரலால் எழுதினார்கள். பிறகு ஓலையில் எழுத்தாணியால் எழுதினார்கள். அந்தத் திண்ணை ஊர்த்தெருவில் இருந்தது. திண்ணையில் ஏற முடியாதவனுக்கு மணல் எங்கே, ஓலை எங்கே? உ.வே.சாமிநாதையரின் ‘என் சரித்திரம்’ 1940 முதல் 1942 வரை ஆனந்த விகடனில் தொடராக வந்தது. மீனாட்சிசுந்தரம் பிள்ளை செய்யுள் சொல்லிக்கொண்டே போக, பக்கத்தில் மாணவர் உட்கார்ந்து ஓலையில் எழுதும் காட்சியை அதில் காண்கிறோம். அங்கே கையெழுத்து என்பது குருவின் அருகில் உட்காரும் உரிமை. ஐயரின் உழைப்பை நான் குறைத்துப் பேசவில்லை. அந்த உரிமை யாருக்கு இருந்தது என்பதைத் தமிழ் இலக்கிய வரலாறு கேட்காமலே கடந்துபோனதைச் சொல்கிறேன்.

இதோடு 1992இல் வந்த பாமாவின் ‘கருக்கு’வைச் சேர்த்து வைத்து வாசிக்க வேண்டும். விறகு பொறுக்கப் போன சிறுவயதில் பனங்கருக்கு தன் தோலைக் கீறியதை அவர் முன்னுரையில் நினைவுகூர்கிறார். ஒரே பனைதான். அதன் ஓலை ஒரு சாதியின் கையில் ஏடானது. அதன் கருக்கு எங்கள் தோலில் கீறியது. தமிழ் எழுத்தின் வரலாற்றை ஓலையிலிருந்து மட்டுமே எழுதிப் பழகிவிட்டோம். கருக்கிலிருந்தும் அதை எழுத வேண்டும்.

பள்ளிக்கூடம் திறந்த பிறகும் நிலைமை சட்டென்று மாறிவிடவில்லை. அம்பேத்கர் தனியாகக் கோணிச்சாக்கில் உட்கார்ந்து படித்தார். கணக்குப் போட அவரைக் கரும்பலகைக்கு அழைத்தபோது, பலகைக்குப் பின்னால் வைத்திருந்த தங்கள் சோற்று டப்பாக்களை எடுக்க மற்ற மாணவர்கள் ஓடினார்கள் என்று அவர் வாழ்க்கை வரலாறு சொல்கிறது. அவன் என்ன எழுதப்போகிறான் என்பது அவர்களுக்கு முக்கியமில்லை. அவன் நிழல் எதன்மேல் விழும் என்பதுதான் கவலை. ஓம்பிரகாஷ் வால்மீகி ‘ஜூட்டன்’ (1997) தன்வரலாற்றில், தலைமையாசிரியர் தன்னை வகுப்பில் உட்காரவிடாமல் நாள் கணக்கில் பள்ளிக்கூடத்தைக் கூட்ட வைத்ததைப் பதிவு செய்கிறார். அவர் அப்பா வந்து விளக்குமாற்றைப் பிடுங்கி எறிகிறார். தலித் தன்வரலாறுகளில் எழுத்துப் பயிற்சி இப்படித்தான் தொடங்குகிறது. பேனாவைப் பிடிப்பதற்கு முன்னால் விளக்குமாற்றைக் கீழே போட வேண்டியிருக்கிறது.

இனி கைநாட்டு. 1858இல் வங்காளத்தில் ஹெர்ஷல் என்ற வெள்ளைக்கார அதிகாரி ஓர் ஒப்பந்தத்தின் பின்புறம் ஒரு நாட்டுக்காரரின் முழு உள்ளங்கையையும் பதிய வைத்தார். பின்னால் பேச்சு மாறக்கூடாது என்பதற்காக. எழுத்து, நம்பிக்கைக்குரியவனின் அடையாளம். ரேகை, சந்தேகத்துக்குரியவனின் அடையாளம். செங்கல்பட்டுக் கலெக்டர் திரமென்ஹீரின் 1891 அறிக்கைக்குப் பின், 1892 முதல் எம் மக்களுக்கு ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலங்கள் பிறர் கைக்குப் போகக்கூடாது என்பது விதி. போயின. படிக்கத் தெரியாத காகிதத்தில் நாட்டிய கட்டைவிரலுக்கு அதில் பங்கு உண்டு. அந்த நிலத்தை மீட்கக் காரணையில் நடந்த போராட்டத்தில் 1994இல் ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் போலீஸ் துப்பாக்கிக்குப் பலியானார்கள். ஆகவே கையெழுத்து எங்களுக்கு அழகியல் பிரச்சனை அல்ல. நிலத்தின் பிரச்சனை.

எங்கம்மா புதுக்கோட்டைப் பக்கம் கல் குவாரியில் கல் உடைத்தவர். 1991இல் அறிவொளி இயக்கம் வந்தபோது ராத்திரி அரிக்கேன் விளக்கு வெளிச்சத்தில் பெயர் எழுதப் படித்தார். அவர் பெயரில் ‘ஷ’ வரும். அதற்கு மட்டும் ஒரு வாரம் ஆனதாம். நான் கல்லூரியில் சேர்ந்தபோது ஓர் அலுவலகத்தில் பெற்றோர் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. அம்மா பேனாவை உளி மாதிரி இறுக்கிப் பிடித்து ஓர் எழுத்து, இன்னோர் எழுத்து என்று செதுக்கிக்கொண்டிருந்தார். பின்னால் வரிசை. குமாஸ்தா மைப்பெட்டியைத் தள்ளி, “நேரமாகுதும்மா, கைநாட்டு வச்சுட்டுப் போ” என்றார். அம்மா நிமிரவில்லை. “இருங்க சார், இன்னும் ரெண்டு எழுத்துதான்.” முடித்துவிட்டுத்தான் நகர்ந்தார். கோடு தாண்டித் தொங்கிய எழுத்து அது. எந்த வாத்தியாரும் அதற்கு மார்க் போடமாட்டார். நான் எம்.ஏ.வில் படித்த எந்தக் காவியத்துக்கும் அது குறைந்ததல்ல.

இப்போது ரேஷன் கடையில் எந்திரம் கட்டைவிரலைக் கேட்கிறது. கல் உடைத்துத் தேய்ந்த ரேகை அதில் பதிய மறுக்கிறது. பட்டா, பத்திரம், ஆதார் என்று எல்லாச் சாதிக்காரனும் இன்று ரேகை வைக்கிறான். அவனை யாரும் ‘கைநாட்டு’ என்று ஏசுவதில்லை.

நம்மையும் விமர்சிக்க வேண்டும். எதிரியை இழிவுபடுத்த நம் மேடைகளிலேயே தோழர்கள் ‘கைநாட்டுப் பேர்வழி’ என்கிறார்கள். நம் அம்மாக்களையும்தான் ஏசுகிறோம் என்பது உறைப்பதில்லை. அடுத்தது, சாட்சியங்களை நாம் எழுதும் முறை. புதுச்சேரிப் பக்கத்துக் கிராமத்தின் வீரம்மா, எழுதத் தெரியாதவர், தன் வாழ்வைத் தமிழில் சொல்ல, அது ஜோசியான் ரசீனும் ழான்-லுக் ரசீனும் சேர்ந்து உருவாக்கிய நூலாக 1995இல் முதலில் பிரெஞ்சில் வந்தது. அதில் சொன்னவர் பெயர் முகப்பில் இருந்தது. நம் சிறுவெளியீடுகளில் பல நேரம் சொன்ன கிழவி காணாமல் போகிறாள், எழுதிய பட்டதாரி ஆசிரியராகிவிடுகிறார். பேச்சைச் ‘செம்மை’ செய்கிறோம் என்று வாத்தியாரின் சிவப்பு மையை நாமே கையில் எடுக்கிறோம்.

செல்போன் எழுத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. பதினான்கு வயதில் சுடுகாட்டுப் பாதைக்காக நான் எழுதிய மனுவை வாங்கிய அதிகாரி, மனுவைப் படிக்காமல் ‘எவன் எழுதிக் குடுத்தது’ என்றுதான் கேட்டார். இன்று எங்கள் தெருப் பிள்ளைகள் செல்போனில் அடித்து இணையவழி மனு அனுப்புகிறார்கள். எழுத்தைப் பார்த்து எடைபோடும் கண்ணிலிருந்து அந்த மனு தப்புகிறது. அதனால் நான் அதற்காக அழமாட்டேன். ஆனால் கையால் எழுதிய நம் பழைய காகிதங்கள் செல்லரித்துப் போவதற்காக அழுவேன். மனு நகல்கள், சங்கத் தீர்மான நோட்டுகள், அறிவொளிக் காலத்துச் சிலேட்டுகள், அம்மாக்களின் முதல் கையெழுத்து எல்லாம் பரணில் கிடக்கின்றன. தோழர்கள் அவற்றைத் தேடி எடுக்க வேண்டும். யார் சொன்னது, யார் எழுதியது, எந்த வருடம் என்று குறித்து வைக்க வேண்டும். எழுத்தைத் திருத்தாமல் அப்படியே அச்சிட வேண்டும்.

‘யாரு எழுதிக் குடுத்தது’ என்று இனி எவனாவது கேட்டால், எடுத்துக் காட்ட நம்மிடம் காகிதம் இருக்கட்டும்.