பவழத்திற்கும் பசி உண்டு

பவழம் வளர்க்கும் கடல்நீர்த் தொட்டியில் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் இயன்றவரை பூஜ்யமாக இருக்கவேண்டும் என்பது நெடுநாளாகச் சொல்லப்பட்டுவரும் விதி. பவழத்திட்டுகளைச் சூழ்ந்த கடல்நீரில் இவ்விரண்டும் மிகக் குறைவு. ஆகவே தொட்டியிலும் இல்லாதிருப்பதே நன்று என்பது வாதம். இது பாதி உண்மையே.

உண்மையான பாதியை முதலில் ஒப்புக்கொள்வோம். மீன்களுக்கு இடும் தீனியிலிருந்து அம்மோனியா தோன்றுகிறது. பாக்டீரியாக்கள் அதனை நைட்ரைட்டாகவும் பின்னர் நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. தீனியிலுள்ள பாஸ்பரஸ் பாஸ்பேட்டாகச் சேருகிறது. இவை மிகுந்தால் பாசி படர்ந்து பவழத்தை மூடும். ஆஸ்திரேலியாவின் ஒன் ட்ரீ தீவில் 1993 முதல் 1996 வரை நடந்த 'என்கோர்' ஆய்வில், ஊட்டம் கூட்டிய நீரில் பவழங்களின் இனப்பெருக்கமே பாதிக்கப்பட்டது.

விதி தவறுவது எங்கே? பவழத்தின் திசுக்களுக்குள் நுண்பாசிகள் வாழ்கின்றன. ஒளியைக் கொண்டு அவை ஆக்கும் உணவில் பெரும்பங்கு பவழத்திற்குச் செல்கிறது. அந்தப் பாசிகளுக்கு நைட்ரஜனும் வேண்டும், பாஸ்பரசும் வேண்டும். நைட்ரேட் மிகுந்து பாஸ்பேட் பற்றாமற்போனால், வெப்பத்திலும் கடும் ஒளியிலும் பவழம் எளிதில் வெளுத்துவிடுகிறது என்று இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த யோர்க் வீடன்மன் குழுவினர் 2013-இல் காட்டினர்.

இனி, வழக்கத்தை நோக்குவோம். பாசியைக் கண்டு அஞ்சியவர் இரும்பு ஆக்சைடு மணிகளை வடிகட்டியில் இடுகிறார். அவை பாஸ்பேட்டைப் பற்றிக்கொள்ளும். நைட்ரேட்டை அப்படியே விட்டுவிடும். சவுத்தாம்ப்டன் ஆய்வு எச்சரித்த நிலையை இவ்வாறு அவரே உண்டாக்கிவிடுகிறார். நீரோ தெளிவாகவே இருக்கும்; குறை கண்ணுக்குத் தெரியாது.

ஆகவே இரண்டையும் சேர்த்தே அளக்கவேண்டும். மிகுந்திருந்தால் தீனியைக் குறைப்பதும், நீரில் ஒரு பகுதியை அவ்வப்போது மாற்றுவதும் இரண்டையும் ஒருங்கே தணிக்கும். மாற்றம் சிறுகச் சிறுக நிகழ்வது நலம்.

இதனைக் கடலில் சாக்கடையைக் கலப்பதற்கு ஆதரவாக எவரும் கொள்ளலாகாது. வயல் உரமும் கழிவுநீரும் கரையோரத்தில் நைட்ரஜனை மிகுவித்து, இதே ஏற்றத்தாழ்வை உண்டாக்கக்கூடும். தொட்டியாயினும் கடலாயினும், பவழம் வேண்டுவது அளவான ஊட்டம், பட்டினியன்று. சோதனைக் குழாயில் பாஸ்பேட் பூஜ்யம் என்று கண்டால் மகிழ்வதற்கு முன், நைட்ரேட் எவ்வளவு என்று பார்த்துவிடுங்கள்.