பழகும் காலத்துக்கும் கூலி

தச்சுத் தொழிலுக்குள் நுழைய நம் ஊரில் நெடுங்காலம் நேர்வழி ஒன்றுதான் இருந்தது: ஆசாரி வீட்டில் பிறப்பது. மற்றவர்கள் பட்டறையில் எடுபிடியாகச் சேர்ந்து, டீ வாங்கி வந்து, மரத்தூள் கூட்டி, இழைப்புளி கைக்கு வரும் நாளுக்காகக் காத்திருக்க வேண்டும். அதுவரை சோற்றுக்கு வழி செய்ய வீட்டில் வேறொருவர் சம்பாதிக்க வேண்டும். அப்படி ஒருவர் இல்லாத பையன் நாட்கூலி கிடைக்கும் வேலைக்குப் போய்விடுவான்; பெண்ணுக்கோ எடுபிடி இடம்கூடக் கிடைத்ததில்லை. பழகும் காலத்துக்குக் கூலி கிடைத்தால்தான் இந்தத் தொழில் பிறந்த வீட்டைக் கேட்காமல் ஆளைச் சேர்த்துக்கொள்ளும். சம்பளத்துடன் கூடிய தொழில் பழகுநர் முறையின் முதல் வலிமையாக நான் கருதுவது இதையே.

தமிழ்நாட்டில் இந்தப் பேச்சுக்குப் பின்னால் ஒரு காயம் உண்டு. ராஜாஜி அரசு 1953இல் பள்ளி நேரத்தைக் குறைத்து, மிச்ச நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைப் பழகட்டும் என்றது. குலக்கல்வி என்று எதிர்க்கப்பட்ட அத்திட்டம், காமராஜர் முதல்வரான 1954இல் கைவிடப்பட்டது. ஒன்றிய அரசின் 2023ஆம் ஆண்டு விஸ்வகர்மா திட்டம் குடும்ப வழித் தொழில்கள் என 18 தொழில்களைக் குறித்தபோது, அதே அச்சத்தால்தான் தமிழக அரசு அதை ஏற்க மறுத்தது. எனக்கு அந்த மறுப்பு நியாயமாகவே படுகிறது. அத்திட்டத்தின் அடிப்படைப் பயிற்சி ஒரு வாரத்தைத் தாண்டாது. நாளுக்கு 500 ரூபாய் கிடைக்கும். தொழில் தெரிந்தவருக்கு அது உதவலாம். துளைக்குள் கழுந்து ஆடாமல் இறங்கவும், ரேகை பார்த்து உளியைத் திருப்பவும், ஈர மரம் காய்ந்தால் எவ்வளவு சுருங்கும் என்று கணிக்கவும் புதியவருக்கு ஆண்டுகள் ஆகும்.

அந்த ஆண்டுகளுக்கு இடம் தருவது 1961ஆம் ஆண்டுத் தொழில் பழகுநர் சட்டம். 2019 விதித் திருத்தம் மாத உதவித்தொகையை, கல்வித் தகுதிக்கேற்பக் குறைந்தது 5,000 முதல் 9,000 ரூபாய் வரை என நிர்ணயித்தது. 2016இல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் அதன் கால் பங்கை, 1,500 ரூபாய் வரம்புக்குள், அரசு ஏற்கிறது. குறை இரண்டு இடத்தில் இருக்கிறது. பழகுநரைச் சேர்க்கும் கட்டாயம் 30 பேரோ அதற்கு மேலோ உள்ள நிறுவனங்களுக்குத்தான். தச்சு வேலையோ பெரும்பாலும் நாலைந்து பேர் பட்டறையில் நடக்கிறது. அடுத்தது, பழகுநர் தொழிலாளி அல்லர் என்று சட்டமே சொல்கிறது. விபத்து இழப்பீடு, பணியிடப் பாதுகாப்பு போன்ற சில காப்புகள் உண்டு. குறைந்தபட்சக் கூலியைக் கேட்க முடியாது. ஆண்டு முழுவதும் பிளைவுட்டில் மைக்கா ஒட்டவே ஒருவரை நிறுத்திவிட்டு, அதைப் பயிற்சி என்று எழுதிவிட இது வழிவிடுகிறது.

பட்டறைக்காரரின் மறுப்பையும் தள்ளிவிட முடியாது. தேக்கு விற்கும் விலையில் பழகுபவர் வெட்டிக் கெடுக்கும் பலகை யார் கணக்கு? கற்றவர் அடுத்த தெருவில் தனிக்கடை போட்டால்? இதற்கு ஜெர்மனி ஒரு வழி காட்டுகிறது. அங்கும் தச்சுப் பட்டறைகள் பெரும்பாலும் சிறியவையே. அவையே பழகுநரைச் சேர்க்கின்றன. பயிற்சி 3 ஆண்டு. 2020 முதல் குறைந்தபட்ச ஊதியம் சட்டப்படி உண்டு. அது முதல் ஆண்டில் குறைவாகத் தொடங்கி, கை தேறத் தேற உயர்வதால் தொடக்க நட்டத்தில் ஒரு பகுதியைப் பழகுநரும் சுமக்கிறார். சின்னப் பட்டறையில் இல்லாத எந்திரங்களைக் கைவினைஞர் சங்கங்களின் பொதுப் பயிற்சிக்கூடங்களில் கற்கிறார். அதனால் முழுச் சுமையும் ஒரே முதலாளியின் தலையில் விழுவதில்லை. தனிக்கடை போட அங்கே பொதுவாக மைஸ்டர் என்ற மேல்தகுதி வேண்டும்; என்றாலும் கற்றவர் விலகிப் போவதைத் தடுக்க வழியில்லை. ஆனால் அவருக்குக் கற்றுக்கொடுத்தவரும் வேறொரு பட்டறையில் கற்றவர்தான். நம் அரசு தொழிற்பயிற்சி நிலையங்களின் தச்சுப் பிரிவைச் சுற்றுவட்டாரப் பட்டறைகளின் பொதுக்கூடமாகத் திறந்துவிட்டால், 30 பேர் வரம்புக்கு வெளியே நிற்கும் பட்டறைகளும் பழகுநரைச் சேர்க்கத் துணியும். பயிற்சி என்ற பெயரில் ஏமாற்றவும் வழியிருக்கக் கூடாது. ஜெர்மனியில் பயிற்சியின் முடிவில் ஒவ்வொருவரும் தாமே வரைந்த ஒரு பொருளைச் செய்து தேர்வாளர் முன் வைக்க வேண்டும். மைக்கா மட்டும் ஒட்டிய கையால் அந்தப் பொருளைச் செய்ய முடியாது.