ரத்தம் சொன்ன கணக்கு

2020 நவம்பர் முடிவில், தமிழ்நாட்டில் கொரோனா வந்தவர்கள் என்று பதிவேட்டில் இருந்தது எட்டு லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவு. அந்த அக்டோபர், நவம்பரில் பொது சுகாதாரத் துறை 888 இடங்களில், இடத்துக்கு முப்பது பேர் வீதம் ரத்தம் எடுத்துப் பார்த்தது. 31.5 சதவீதம் பேரிடம் ஆன்டிபாடி! அதை வைத்துக் கணக்குப் போட்டால் இரண்டு கோடிக்கு மேல். மூக்கில் குச்சி விட்ட கணக்கு எங்கே, இது எங்கே!

நல்ல வேலை. ஆஸ்பத்திரிக்கு வந்தவனை மட்டும் எண்ணினால், ரெண்டு நாள் கஷாயம் குடித்துவிட்டு வேலைக்குப் போனவன் கணக்கிலேயே வரமாட்டான்.

என் சண்டை அதற்கப்புறம்தான். பெரம்பலூர் 51, நீலகிரி 11 என்று ப்ளஸ் டூ ரிசல்ட் மாதிரி மாவட்டங்களுக்கு ரேங்க் போட்டுவிட்டார்கள். சரி, திருநெல்வேலியை எடுத்துக்கொள்ளுங்கள். பாளையங்கோட்டையில் சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள். களக்காட்டுப் பக்கம் போனால் வாழைத்தோட்டத்துக்கு நடுவே நாலு வீடு. நகரத்தில் 36.9, கிராமத்தில் 26.9 என்று அந்த சர்வேயே பிரித்துச் சொல்கிறது. இருந்தும் மாவட்டத்துக்கு ஒரே எண். பாபநாசத்தில் ஒரு செம்பு, குறுக்குத்துறையில் ஒரு செம்பு மொண்டு ஒரே குடத்தில் ஊற்றி, 'இதுதாம்வே தாமிரபரணி' என்றால் ஒத்துக்கொள்வீர்களா?

அடுத்தது கிட். 2021 ஏப்ரலில் மறுபடி எடுத்தபோது 29 சதவீதம். வந்த நோய் வராமல் போய்விட்டதா என்ன? ஆன்டிபாடி மாதக்கணக்கில் கரையும். வைரஸின் உள்புரதத்துக்கு எதிரானதைத் தேடும் சில கிட்களுக்குச் சீக்கிரமே அகப்படாமல் போகும். வெளியே நிற்கும் முள்ளுக்கு எதிரானதைத் தேடினால் வேறு சங்கடம்: கோவிஷீல்டு போட்டவருக்கும் அதே பாசிட்டிவ்தான். நோயா, ஊசியா? தெரியாது. எந்த கிட் என்று சொல்லாமல் சதவீதத்தை மட்டும் சொல்வது, படியா பக்காவா என்று சொல்லாமல் நெல் அளப்பதுதான்.

2021 ஜூன், ஜூலையில் 66 ஆயிற்று, டிசம்பரில் 87. 'ஹெர்ட் இம்யூனிட்டி வந்தாச்சு' என்று டீக்கடை வரை பேச்சு. அடுத்த மாதமே ஒமிக்ரான். 2022 ஜனவரியில் தமிழ்நாட்டில் ஒரே நாளில் முப்பதாயிரத்துக்கு மேல் கேஸ். சாவு மட்டும் 2021 மே மாதத்தைவிட வெகுவாகக் குறைவு. அந்த 87-க்கு அர்த்தம் தொற்று வராது என்பதில்லை. வந்தால் பெரும்பாலானவர்கள் பிழைத்துக்கொள்வார்கள் என்பதுதான். இதை டிசம்பரிலேயே யாராவது எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு வரியாக எழுதியிருக்கலாம்.