தங்கவயல் பௌத்த நூல்களும் முகப்பெழுத்தும்

நூலின் முகப்பு அந்நூலைப் பற்றிய முதற் சான்றாகும். படத்தைத் தவிர்த்து, எழுத்தின் அளவு, தடிப்பு, இடைவெளி ஆகியவற்றாலேயே பொருளுணர்த்தும் எளிய முகப்பினை இக்கால வடிவமைப்பாளர் பெரிதும் போற்றுவர். யான் சிக்கோல்டு 1947 முதல் 1949 வரை இங்கிலாந்தின் பெங்குவின் பதிப்பகத்தில் வகுத்த அச்சமைப்பு நெறிகள் இதற்கு எடுத்துக்காட்டாகக் கூறப்படும். ஆயின் அவ்வளவுகோலை அவ்வாறே கோலார் தங்கவயலின் தமிழ்ப் பௌத்த நூல்களுக்குப் பொருத்துதல் சாலாது.

தங்கவயல் சுரங்கங்களில் வடார்க்காடு முதலிய பகுதிகளிலிருந்து சென்ற தமிழர் பெருந்தொகையினராய் உழைத்தனர். அயோத்திதாசப் பண்டிதரின் (1845-1914) பௌத்த இயக்கம் அவர்களிடையே, குறிப்பாக மாரிகுப்பத்தில், வேரூன்றியது. பண்டிதர் 1907இல் சென்னையில் தொடங்கிய ‘ஒரு பைசாத் தமிழன்’ என்னும் வார இதழ் 1908இல் ‘தமிழன்’ எனப் பெயர் மாறிற்று. 1926 முதல் ஜி. அப்பாதுரையாரை ஆசிரியராகக் கொண்டு தங்கவயலிலிருந்து வெளிவந்தது. பண்டிதரின் நூல்களைச் சித்தார்த்தா புத்தகசாலை அங்கிருந்தே பதிப்பித்து வந்தது.

இப்பெயர் மாற்றம் முகப்பு நோக்கில் ஆராயத்தக்கது. விலையே பெயரின் பகுதியாய் நின்றபோது, இதழ் எளியோர் கைக்கும் எட்டுவது என்பதை முகப்பே அறிவித்தது. விலை நீங்கியபின் ஒரு சொல்லே எஞ்சியது. ஒடுக்கப்பட்டோரைச் சாதியற்ற பூர்வத் தமிழராகக் கண்ட பண்டிதரின் கொள்கையை அச்சொல் தனித்து நின்று தாங்கியது. எனவே முகப்பின் எளிமை வெறும் குறைத்தலன்று. எதனை எஞ்சவிடுவது என்னும் தேர்வுமாகும்.

தமிழ் நெடுங்கணக்கில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்னும் வேறுபாடு இல்லை. ஆகவே கையால் அச்சுக்கோத்த காலத்தில், அழுத்தம் தருதற்கு எழுத்தின் அளவும் தடிப்பும் இடைவெளியும் கோடுகளுமே கருவிகளாயின. படத்திற்குத் தனியே ‘பிளாக்’ செய்தல் வேண்டும். அதற்குப் பொருட்செலவு உண்டு. சிறு அச்சகங்களுக்கு எளிமை கொள்கையாக வருமுன் நிலைமையாகவே வந்தது. அதனை அழகியல் இயக்கமென மெச்சுவது வரலாற்றை மறைப்பதாகும். வறுமையென ஒதுக்குவது தேர்வைக் காணத் தவறுவதாகும்.

ஞான. அலாய்சியஸ் தொகுத்த ‘அயோத்திதாசர் சிந்தனைகள்’ 1999இல் பாளையங்கோட்டை நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையத்தால் வெளியிடப்பட்டது. சிதறிக் கிடந்தவற்றை மீட்ட அதன் பயன் பெரிது. எனினும் எந்தத் தொகைநூலிலும் ஒரே சீரான அச்சமைப்பில் தனி நூல்களின் முகம் கரைந்துவிடுதல் இயல்பு. எழுத்துருவும் மாறுகிறது: 1978இன் எழுத்துச் சீர்திருத்தத்திற்குப் பின் ‘விலை’ என்னும் சொல்லின் ‘லை’ தன் துதிக்கை வடிவை இழந்தது. அச்சகம், ஊர், விலை ஆகியன காட்டும் பழைய முகப்பே, சுரங்கத் தொழிலாளர் ஊரொன்று பதிப்பூராகவும் விளங்கியதற்குச் சான்று.

சுரங்கங்கள் 2001இல் மூடப்பட்டன. வேலை தேடிக் குடும்பங்கள் பல வெளியூர்களை நாடின. இந்நிலையில் எஞ்சிய படிகளைத் தேடுதலும், மறுபதிப்புகளில் மூல முகப்பின் ஒளிப்படியைச் சேர்த்தலும் பதிப்பாசிரியரின் கடமைகளாகின்றன. மூலபாடத்தை மட்டும் காத்து முகப்பை விடுப்பது பாதிச் சான்றை இழப்பதற்கு ஒப்பாகும்.