அந்தியில் சில நிமிடம்

சார்ஜென்ட் வரைந்த ‘கார்னேஷன், லில்லி, லில்லி, ரோஸ்’ ஓவியத்தில் வெள்ளைக் கவுன் போட்ட இரண்டு சிறுமிகள் காகித விளக்குகளை ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள். காகிதத்துக்குள் கனியும் ஆரஞ்சு ஒளி, குனிந்த முகத்தில் லேசாகப் படிகிறது. தலைக்கு மேலே லில்லிகள். மேற்கத்திய ஓவிய மரபில் லில்லி, கன்னி மரியாளின் தூய்மைக்கு அடையாளம். இங்கே அந்த வெண்மை கவுன்வரை இறங்கி வந்துவிடுகிறது.

1885 செப்டம்பரில் இங்கிலாந்தின் பிராட்வே கிராமத்தில் தொடங்கிய வேலை. தினமும் வெளிச்சம் மங்கும் அந்தச் சில நிமிடம் மட்டும்தான் தூரிகையைத் தொடுவார். குளிர் வந்தது, ரோஜாக்கள் உதிர்ந்தன. செடியில் செயற்கைப் பூக்களைக் கட்டினார். பிள்ளைகளுக்குக் கவுனுக்குள் கம்பளிச் சட்டை! முடிக்க மறு வருஷம் அக்டோபர் ஆனது.

எந்தப் பூ பொய்ப் பூ? பலமுறை தேடிவிட்டேன், தெரியவில்லை. ஓவியம் இருக்கும் லண்டன் டேட் பிரிட்டன் கலைக்கூடத்தின் பக்கம் போனால் நீங்களும் தேடிப் பாருங்கள்.