மூன்று கூடை, ஆறு கம்பு: குளத்தூர்ப் பக்கம் ஓர் அரைகுறை டிஸ்க் கோல்ஃப் திடல்

டிஸ்க் கோல்ஃப் திடலைப் பார்க்க வருகிறவர்கள் கூடையைத்தான் முதலில் தேடுவார்கள். ஒரு கம்பம், அதில் தொங்கும் சங்கிலிகள், இடுப்பு உயரத்தில் ஒரு கம்பிக் கூடை. படம் எடுத்தால் அழகாக விழும். நான் குனிந்து தரையைப் பார்க்கிற ஆள். காலை ஊன்றி, உடம்பைச் சுழற்றித் தட்டை விடுகிற அந்தப் பத்தடி நிலம் எப்படி இருக்கிறது என்பதிலேயே திடலின் லட்சணம் பாதி தெரிந்துவிடும்.

புதுக்கோட்டை மாவட்டம் குளத்தூர்ப் பக்கம் குடும்பத்துத் தைலமரத் தோப்பில் என் அக்கா மகன் ஒன்பது ஹோல் திடல் ஒன்றைப் போட்டுக்கொண்டிருக்கிறான். கூடை மூன்றுதான் வந்திருக்கிறது. மீதி ஆறு இடத்திலும் சவுக்குக் கம்பு நட்டு, உச்சியில் சிவப்புத் துணி கட்டியிருக்கிறான். பார்க்கிறவர்கள் எல்லாரும் “கூடை எப்ப வரும்?” என்றே கேட்கிறார்கள். வராவிட்டாலும் குடி முழுகிவிடாது என்பது என் கட்சி. கோளாறு வேறு இடத்தில் இருக்கிறது.

ஆட்டம் தெரியாதவர்களுக்கு: கோல்ஃபில் பந்து, மட்டை, குழி, இதில் தட்டு, கை, கூடை. மேடையிலிருந்து வீசுகிறோம், தட்டு விழுந்த இடத்திலிருந்து அடுத்த வீச்சு, கூடைக்குள் போகும்வரை இப்படியே. இதுதான் ஒரு ஹோல். குறைந்த வீச்சில் முடிப்பவருக்கு வெற்றி. பெசன்ட் நகர்க் கடற்கரையில் அல்டிமேட் ஃபிரிஸ்பீ ஆடுபவர்கள் கையில் இருக்கும் அகலத் தட்டு இல்லை இது. அது 27 சென்டிமீட்டர் விட்டம், 175 கிராம். கோல்ஃப் தட்டுக்கும் எடை ஏறத்தாழ அவ்வளவுதான், ஆனால் விட்டம் 21 சென்டிமீட்டர். விளிம்பு சரிவாகச் சீவியிருக்கும். அதனால் காற்றைக் கிழித்துக்கொண்டு போகும். பிடிக்கப் போனால் விரலையும் பதம் பார்க்கும்.

கம்பு நட்டு ஆடுவதைக் கேவலமாக நினைக்க வேண்டியதில்லை. உலகின் முதல் நிரந்தரத் திடலே அப்படித்தான் பிறந்தது. கலிஃபோர்னியாவில், நாசாவின் ஜெட் உந்துவிசைக் கூடத்தை ஒட்டிய ஓக் குரோவ் பூங்காவில் 1975-ல் எட் ஹெட்ரிக் அதைப் போட்டபோது இலக்கு வெறும் கம்பங்கள்தான். வாம்-ஓ நிறுவனத்தில் ஃபிரிஸ்பீயைத் தொழில்முறைத் தட்டாக மாற்றியவர் அவர். தட்டு கம்பத்தில் பட்டதா, உரசாமல் போனதா என்ற தகராறு அங்கே தீரவில்லை. சங்கிலி தொங்கும் கூடை அந்தத் தகராறுக்குப் பிறந்த வைத்தியம். அதற்கான காப்புரிமை 1977-ல் கிடைத்தது. அதற்கு முந்தைய ஆண்டே தொழில்முறை டிஸ்க் கோல்ஃப் சங்கமான பிடிஜிஏவையும் அவர் தொடங்கியிருந்தார். 2002-ல் அவர் இறந்தபின் அவருடைய சாம்பலைப் பிளாஸ்டிக்கில் கலந்து தட்டுகளாக வார்த்தார்கள். அவ்வளவு பைத்தியம் பிடித்த மனிதர்.

தகராறு இங்கேயும் குறைவில்லை. “மாமா, பட்டுச்சு. சத்தம் கேட்டுச்சுல்ல?” என்கிறான் இவன். எனக்குக் கேட்டது தைல இலைச் சருகின் சத்தம். ஆனால் என்னை உறுத்துவது தகராறு அல்ல, கலப்படம். முதல் மூன்று ஹோலிலேயே கூடைகளை வரிசையாக வைத்துவிட்டான். கூடைக்குத் தட்டைத் தணித்து விட வேண்டும். வேகமாகப் போனால் சங்கிலியைத் துளைத்துக்கொண்டு அந்தப் பக்கம் போய்விடும். கம்புக்கு அந்தக் கவலை கிடையாது. பட்டால் போதும், ஓங்கி அடிக்கலாம். நாலாவது ஹோலில் கையின் பழக்கத்தையே மாற்ற வேண்டியிருக்கிறது. ஒன்று, மூன்று கூடைகளையும் திடல் முழுக்கப் பரப்பி வைக்கலாம். இல்லையென்றால் அவற்றை வீட்டு வாசலில் பழகுவதற்கு வைத்துக்கொண்டு ஒன்பதுக்கும் கம்பே நடலாம்.

கூடைகளில் இரண்டு மடக்கி எடுத்துப்போகிற வெளிநாட்டுச் சாமான். எடை குறைவு, சங்கிலியும் குறைவு. ஆடிக்காற்றுக்குச் சாய்ந்துவிடுகிறது என்று அடியில் கருங்கல் வைத்திருக்கிறான். மூன்றாவது உள்ளூர் வெல்டிங் பட்டறையில் அடித்தது. உயரம் சரியாக இருக்கிறது: கூடையின் விளிம்பு தரையிலிருந்து 82 சென்டிமீட்டர் வாக்கில் வரவேண்டும், வந்திருக்கிறது. சங்கிலியில்தான் சறுக்கல். ஊஞ்சல் சங்கிலியை வாங்கி மாட்டிவிட்டார்கள். அது கனம். தட்டு மோதினால் அசைந்து வேகத்தை வாங்கிக்கொள்ளாமல், ‘போடா’ என்று திருப்பி அனுப்புகிறது. ஆடு மாடு கட்டுகிற மெல்லிய சங்கிலியை இரண்டு சுற்றாக, உள்வட்டம் ஒன்று வெளிவட்டம் ஒன்று என்று தொங்கவிட்டால் போதும். நல்ல கூடைகளில் அப்படித்தான் இருக்கும். நாகப்பூச்சு உள்ளதாகப் பார்த்து வாங்கவேண்டும். இல்லாவிட்டால் ஒரு ஐப்பசி தாங்காது.

இனி திடலின் பலம். தோப்புக்குள் ஓடும் முதல் மூன்று ஹோல்களும், யாரும் திட்டம் போடாமலே அமைந்துவிட்ட அற்புதம். தைலமரம் கோடு போட்டாற்போல் வரிசையாக நிற்கிற பயிர். ஒரு வரிசையை எடுத்துவிட்டால் இருபுறமும் மரச்சுவர் வைத்த நீண்ட பாதை கிடைத்துவிடுகிறது. தட்டு நேராகப் போனால் கூடை வரை வழி திறந்து கிடக்கும். கை கொஞ்சம் திரும்பினால் வழுவழுத்த வெள்ளைத் தண்டில் ‘டொக்’ என்று மோதி, வந்த வழியே பாதி தூரம் திரும்பும். கைக்கு ஒழுக்கம் கற்றுத்தர இதைவிட நல்ல வாத்தியார் கிடையாது. தூரமும் அளவு, புதிதாக ஆடுபவர் ஐம்பது, அறுபது மீட்டர் வீசினால் அதிகம், மூன்று ஹோலும் அதற்கு ஒட்டியே இருக்கின்றன.

ஆனால் இது காகித ஆலைக்குப் போகிற மரம். ஐந்தாறு வருடத்தில் வெட்டு வரும். வெட்டினால் சுவர் போச்சு, ஹோலும் போச்சு. கட்டையிலிருந்து புதுத் தூர் தழைத்து ஆள் உயரம் தாண்டும்வரை அது வெறும் பொட்டல். தைலமரம் நிலத்தடி நீரைக் குடித்துவிடுகிறது என்று இந்த மாவட்டத்து விவசாயிகள் நெடுங்காலமாகச் சண்டை போட்டுவருகிறார்கள். நாளைக்கே இவன் அப்பா மனம் மாறி முந்திரி வைத்தாலும் ஆச்சரியப்பட மாட்டேன். பாதையோரங்களிலாவது வேம்பையும் புங்கனையும் இப்போதே ஊன்றிவைப்பது புத்திசாலித்தனம்.

நாலாவது ஹோலுக்குக் கண்மாய்க்கரை மேலிருந்து வீசவேண்டும். காலடியில் சரிவு, எதிரே வெடித்துக் கிடக்கும் வறண்ட கண்மாய், மேல்காற்று நேராக முகத்தில். ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட குளம் கண்மாய்கள் உள்ள மாவட்டத்தில், மேட்டிலிருந்து பள்ளத்துக்கு வீசும் ஹோல் ஊருக்கு ஊர் தயாராகக் காத்திருக்கிறது என்பது இங்கே நின்றபோதுதான் உறைத்தது. எதிர்க்காற்று தட்டின் குணத்தையே மாற்றிவிடும். வலக்கைக்காரர் புறங்கையால் வீசினால் தட்டு கடைசியில் இடப்பக்கம் மடங்கி விழுவது வழக்கம். காற்று எதிரே வந்தால் அது வலப்பக்கம் கவிழ்ந்து, எங்கோ போய்ச் சேரும். காற்று முதுகுக்குப் பின்னால் இருந்தால் சீக்கிரமே இடப்பக்கம் இறங்கும். உயரத் தூக்கிவிடத் தெரிந்தவருக்கோ அதுவே வரம். டேவிட் விக்கின்ஸ் 2016-ல் 338 மீட்டர் வீசி உலக சாதனை படைத்தது நெவாடா பாலைவனத்துத் திறந்தவெளியில், பின்காற்றின் தயவோடு. இங்கே ஐந்தும் ஆறும் அதே மேல்காற்றைப் பக்கவாட்டிலும் முதுகிலும் வாங்குகின்றன. மூன்று ஹோலில் மூன்று திசைக்காற்று. இதை அவன் யோசித்துச் செய்தானா, தானாக அமைந்ததா என்று கேட்டேன்; சிரித்தான்.

திடல் கண்மாய்க்குள் போனதில் இரண்டு வம்பு. வடகிழக்குப் பருவமழை பெய்தால் மூன்று ஹோலும் தண்ணீருக்குள். கோல்ஃப் தட்டுகளில் பெரும்பாலானவை மூழ்கிவிடும், தேடி எடுக்கவும் முடியாது. அடுத்து, கண்மாய் பொதுச்சொத்து. அங்கே கம்பைக்கூட நிரந்தரமாக ஊன்றி உரிமை கொண்டாட முடியாது. மடக்குக் கூடைகள் இரண்டும் இங்கேதான் இருக்கவேண்டும்: காலையில் கொண்டுபோய் வைப்பது, ஆடி முடித்ததும் தூக்கிவந்துவிடுவது. மழைக்காலத்துக்கென்று தோப்புக்குள்ளேயே மூன்று மாற்று ஹோல் வேண்டும். இடம் இருக்கிறது, வேலை நடக்கவில்லை.

எல்லாவற்றுக்கும் மேலாக எனக்கு எரிச்சல் தந்தது வீசும் மேடை. மேடை என்று ஒன்று இல்லவே இல்லை. தரையில் சுண்ணாம்புக் கோடு மட்டும். தோப்புக்குள் கோட்டின் மேல் தைல இலையும் உரிந்து விழுந்த பட்டையும் மெத்தையாகக் கிடக்கின்றன. ஓடிவந்து காலைக் குறுக்கே மாற்றி ஊன்றினால் வழுக்குகிறது. கரைமேல் செஞ்சரளை, உருண்டை உருண்டையாக. பாதத்தைத் திருப்பும்போது கணுக்கால் தனியாகத் திரும்புகிறது. விளைவு, எல்லாரும் நின்ற இடத்திலிருந்தே பயந்து வீசுகிறார்கள். பாதி தூரம் அங்கேயே போய்விடுகிறது. முறையான திடல்களில் குறைந்தது நாலடி அகலம், பத்தடி நீளத்துக்குக் கான்கிரீட் போட்டிருப்பார்கள். இங்கே கான்கிரீட்டே வேண்டாம். புதுக்கோட்டை மண்ணில் செம்புறாங்கல்லுக்கா பஞ்சம்? அறுத்த கல்லை மட்டம் பார்த்துப் பதித்து, இடுக்கில் சரளையைத் திமிசு போட்டு இறுக்கினால் சொரசொரப்பான நல்ல மேடை கிடைக்கும். ஈரத்திலும் செருப்பு பிடிக்கும். பின்பக்கம் மூன்றடி சமதளம் கூடுதலாக விடவேண்டும். ஓடிவர இடம் வேண்டாமா? ஒரு வெளிநாட்டுக் கூடையின் காசுக்கு எத்தனை மேடை கட்டலாம் என்று அவனே கணக்குப் போட்டுப் பார்க்கட்டும்.

மூன்றாவதை முடித்துவிட்டு நாலாவதுக்கு எந்தப் பக்கம் போவது என்றும் திடலில் எங்கும் எழுதியில்லை. அவன் கூட வந்தால்தான் ஆடமுடியும். மரத்தில் பெயின்ட்டால் அம்புக்குறி போட ஒரு மாலைப்பொழுது போதும். யூடிஸ்க் செயலியில் திடலை வரைந்துவைத்திருக்கிறான். வீச்சு எண்ணிக்கையைக் குறிக்கவும் வீச்சின் தூரத்தை அளக்கவும் நன்றாக உதவுகிறது. கண்மாய் வெட்டவெளியில் ஜிபிஎஸ் சொன்னபடி கேட்கிறது. தோப்புக்குள் புள்ளி சில மீட்டர் தள்ளாடுகிறது, கூடை பக்கத்து வரப்பில் இருப்பதாகக் காட்டுகிறது. அம்புக்குறிக்கு அது மாற்றாகாது.

எட்டாவது ஹோலின் இடப்பக்கம் முழுக்கச் சீமைக்கருவேலம். இடப்பக்கம் மடங்கும் தட்டுகள் அத்தனையும் அதற்குள் போய்ப் படுக்கின்றன. கையை விட்டு எடுத்தால் முள், விடாவிட்டால் தட்டு நஷ்டம். சரளைமேட்டில் சுருட்டை விரியனும் உண்டு. ஆபத்தான பூச்சியோ விலங்கோ கிட்டத்தில் இருந்தால் தண்டனை வீச்சு இல்லாமல் நகர்ந்து வீச பிடிஜிஏ விதி இடம் தருகிறது. முள்ளுக்கு அந்தச் சலுகை இல்லை. நாங்கள் ஒரு குச்சியால் தட்டை நெம்பிக்கொண்டிருந்தபோது ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் நின்று பார்த்தார். “நீங்களே தூக்கி எறிஞ்சுட்டு நீங்களே தேடி அலையுறீகளா?” என்றார். பதில் சொல்லத் தெரியவில்லை.

வருகிறவர்கள் கொண்டுவரவேண்டிய தட்டு பற்றியும் ஒரு வார்த்தை. வேகம், மிதப்பு, திரும்பல், மடங்கல் என்று தட்டின் மேல் நாலு எண் போட்டிருக்கும். இன்னோவா நிறுவனத்தின் டெஸ்ட்ராயர் மாதிரி வேகம் 12 உள்ளதைப் பெயரைப் பார்த்து வாங்காதீர்கள். அதை ஓட்டக் கையில் வேகம் வேண்டும், இல்லாவிட்டால் கல்லாக விழும். டிஸ்கிராஃப்ட் நிறுவனத்தின் ‘பஸ்’ ஒன்று, அதன் வேகம் 5. கூடைக்குக் கிட்டே இன்னோவாவின் ஏவியர் ஒன்று, வேகம் 2. இந்தத் திடலுக்கு அவ்வளவு போதும். விலை குறைந்த பிளாஸ்டிக்கை இந்தச் சரளை நாலே ஆட்டத்தில் கடித்துத் துப்பிவிடும். கொஞ்சம் கூடக் கொடுத்து உறுதியானதை வாங்குங்கள்.

கடைசியாக ஏழாவது ஹோல். கண்மாய்க்குள் நின்றுகொண்டு, கரைக்கு மேலாகத் தட்டைத் தூக்கி வீசி, மறுபக்கத் தோப்பில் இறக்கவேண்டும். தட்டு கரையைத் தாண்டி மறையும் அந்தக் கணம் மொத்தத் திடலிலும் இல்லாத சுகம். ஆனால் கரைமேல் ஊர்ப்பாதை ஓடுகிறது. தலைச்சுமையோடு வருகிறவர்கள், சைக்கிளில் பள்ளிக்கூடம் விட்டு வருகிற பிள்ளைகள்; கீழே நிற்கிறவனுக்குக் கரைக்கு அந்தப் பக்கம் யார் என்றே தெரியாது. கைதேர்ந்தவர் வீசினால் மணிக்கு 100 கிலோமீட்டரைத் தாண்டும் தட்டு, விளிம்பு கூர்மை. கரையில் ஒரு பையனை நிறுத்திக் கை காட்டச் சொல்லலாம் என்றான். எத்தனை நாளைக்கு அந்தப் பையன் வெயிலில் நிற்பான்?

“மாமா, இருக்கிறதுலயே அதான் நல்ல ஹோல்” என்றான்.

நல்ல ஹோல்தான். எடுத்துவிட்டு, எட்டு ஹோல் திடலாக இருக்கட்டும்.